கறையானுக்கு இரண்டு வீடு

வன்னியில் பல வளவுகளில் இரண்டு வீடு நிற்கும். முன்னுக்கு வீட்டுத்திட்டத்தில் கட்டிய சீமெந்து வீடு. பின்னுக்கு இப்போது குசினியாகவும் நெல்மூட்டை அடுக்கவும் உதவுகிற பழைய மண் வீடு. கறையான் எதை அதிகம் தின்னும் என்று கேட்டால் பின்வீட்டைத்தான் காட்டுவார்கள். தின்ற அளவில் அது சரி. நட்டக் கணக்கில் பிழை.

மண் வீட்டுக் கப்பு நிலத்திலேயே நாட்டப்பட்டது. கிடுகும் மட்டையும் வெறுந்தீன். ஆனால் அந்த வீட்டைக் கட்டியவர் கறையானை எதிர்பார்த்தே கட்டினார். மண்ணில் நிற்கும் கப்புக்கு முதிரை, பாலை. வளைக்கும் சிலாகைக்கும் வைரமேறிய முதுபனை. நார் நெருங்கிக் கறுத்த வெளிப்புறத்தில் கறையானின் பல் எளிதில் ஏறாது. அது தேடுவது மெதுவான நடுச்சோற்றியை. அதனால் சோற்றியைச் செதுக்கி எறிந்துவிடுவார்கள். கிடுகு எப்படியும் ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டியது. வேய்ச்சலுக்குப் பிரிக்கும்போது கூரைமரம் முழுதும் வெயிலைக் காணும். சாணத்தால் மெழுகும் கை சுவரடியை அங்குலம் அங்குலமாகத் தடவும். இரவு ஏறிய மண்கோடு அந்தக் கையில் அகப்படும். சுத்தத்துக்காக மெழுகுவதாகத்தான் அம்மாமார் சொல்வார்கள். கறையான் பரிசோதனையும் அதுதான்.

முன்வீட்டுக்கு வருவோம். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டங்கட்டமாகக் கொடுத்தார்கள். அதற்குள் அத்திவாரமும் சுவரும் ஓடும் நிலையும் முடிய வேண்டும் என்றால், அத்திவாரக் குழிக்குக் கறையான் மருந்து அடிக்க யாரிடம் காசு மிஞ்சியிருக்கும்? போர்க்காலத்தில் ஆளில்லாமல் பற்றைக்காடான வளவுகள் அவை. வெட்டிய மரத்தின் வேர் மண்ணுக்குள் இருக்க, பலகைத் துண்டுகளும் நிரப்பு மண்ணோடு உள்ளே போனால் கறையானுக்கு விருந்து வைத்தாயிற்று. சீமெந்தை அது தின்னாதுதான். தின்னத் தேவையுமில்லை. ஒரு மில்லிமீற்றர் வெடிப்பே அதற்கு வாசல். மாபிள் விளிம்புக்குப் பின்னால் ஏறி நிலைமரத்தின் உள்ளைத் தின்னும். பெயின்ற் மட்டும் அப்பளம்போல் நிற்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் இடுப்பில் கட்டிக் கொண்டுபோய்க் காப்பாற்றியிருந்தார்கள். ஷெல்லுக்கும் மழைக்கும் தப்பிய தாள். புதுவீட்டில் சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரிக்குள் அது பாதி மண்ணாகக் கிடந்தது.

தின்றது கறையான்தானா என்று பார்ப்பது கஷ்டமில்லை. மரத்தின் உள்ளே மண் அப்பியிருந்தால் நிலத்திலிருந்து வந்த கறையான். கசகசா மாதிரி மணிகள் கொட்டினால் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் வேறு இனம்; அதற்கு மண்ணில் மருந்து ஊற்றிப் பயனில்லை. மா மாதிரித் தூள் என்றால் வண்டு. மழையோடு விளக்கைச் சுற்றும் ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே நீளம், இடை தடிப்பு. சிறகு முளைத்த எறும்புக்கு முன்சிறகு நீளம், இடை ஒடுங்கல், உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். வீட்டுக்குள் யன்னலடியில் சிறகுகள் குவிந்து கிடந்தால் கூடு கிட்டத்தில்தான். சுவரில் மண்கோடு கண்டால் நடுவில் ஓர் அங்குலம் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாளில் பாருங்கள். மூடப்பட்டிருந்தால் வேலை நடக்கிறது.

வளவில் புற்று இருந்தால் இன்னொரு சங்கடம். நாகத் தெய்வமான புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கும் ஊர்களில் புற்றில் அலவாங்கு போடக் கை கூசும். கூசாதவர்களும் மேல்மண்ணைத் தட்டிவிட்டு முடிந்ததென்று நினைக்கிறார்கள். ராணி உள்ளே இருக்கும்வரை புற்று திரும்ப வளரும்.

மண் வீட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை. அங்கே பாம்பும் ஒழுக்கும் போதும் போதும் என்றாக்கியிருந்தன. மெழுகிய கையின் வேலையை இந்த வீட்டிலும் யாராவது செய்ய வேண்டும் என்பதே என் கட்சி. மாரிக்கு முன் சுவரோடு அடுக்கிய விறகை அகற்றுங்கள். தாவாரத் தண்ணீர் சுவரடியில் தேங்க விடாதீர்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்து வையுங்கள். பிறகு குந்தியிருந்து, ஒவ்வொரு நிலையின் அடியையும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்.