ஆயுசு கெட்டியான கார்கள்

பழைய சாமானைத் தூக்கி எறியாதவர்கள் என்று நம்மைப் பற்றி நமக்கே ஒரு பெருமை உண்டு. பாட்டியின் வெண்கலப் பானை, தாத்தாவின் கைக்கடிகாரம், பாடாத ரேடியோ எல்லாம் பரணில் பத்திரமாக இருக்கும். ஆனால் இந்தக் கலையில் நமக்கெல்லாம் ஆசான் ஒரு சின்னத் தீவு. அதுதான் கியூபா. 1950-ஐ ஒட்டி அமெரிக்காவில் செய்த செவர்லே, ஃபோர்டு, பிளிமத், ப்யூக் கார்கள், அறுபது எழுபது வருஷம் கழித்தும் ஹவானா வீதிகளில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடின. நான் கியூபாவுக்குப் போனதில்லை. இருந்தாலும் அந்தக் கார்களின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, நல்ல நாவல் ஒன்றைக் கீழே வைக்க முடியாமல் தவிப்பது போலத்தான் இருந்தது.

முதல் வேடிக்கை, அந்தக் கார்களை அத்தனை காலம் ஓட வேண்டும் என்று யாரும் செய்யவில்லை என்பது. ஹென்றி ஃபோர்டு 1908-ல் 'மாடல் டி' என்ற காரைக் கொண்டுவந்தார். 1927 வரையில் அதையே பெரிய மாறுதல் இல்லாமல் செய்துகொண்டு போனார். ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றன. பழுதானால், ஒரு ஸ்பானரும் கொஞ்சம் கம்பியும் வைத்துக்கொண்டு குடியானவனே சரிசெய்துவிடுவான். ஆனால் ஊரில் எல்லோரும் ஒரு கார் வாங்கி முடித்துவிட்டால், அப்புறம் வியாபாரத்துக்கு எங்கே போவது? 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவரான ஆல்பிரட் ஸ்லோன் இதற்கு வழி கண்டுபிடித்தார். வருஷத்துக்கு வருஷம் காரின் தோற்றத்தை மாற்றிவிடுவது! பக்கத்து வீட்டு வாசலில் புது மாடலைக் கண்டதும், போன வருஷத்துக் காரை வைத்திருப்பவனுக்கு மனசு அரிக்க வேண்டும். இந்தக் காரியத்துக்கென்றே 1927-ல் ஹார்லி எர்ல் என்ற அலங்கார நிபுணரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மீனுக்கு இருப்பது போலக் காருக்கும் வாலில் துடுப்பு முளைத்தது. 1959-ம் வருஷத்துக் கெடில்லாக்கில் அந்தத் துடுப்பு உச்சத்துக்குப் போய்விட்டது.

இப்படி மூன்று நாலு வருஷத்தில் அலுத்துப்போவதற்கென்றே அலங்காரம் செய்துகொண்டு வந்த கார்களைத்தான், 90 மைல் தூரத்தில் இருந்த கியூபாவின் செல்வர்கள் ஆசை ஆசையாய் வாங்கினார்கள். கரும்பு விற்ற பணம் கப்பலேறிப் போய்க் காராகத் திரும்பி வந்தது. 1959 ஜனவரி முதல் தேதி சர்வாதிகாரி பாட்டிஸ்டா நாட்டை விட்டு ஓடினார். ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. பணக்காரர்கள் பலர் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். கார்கள் நின்றுவிட்டன. 1960 அக்டோபரில் அமெரிக்கா, உணவும் மருந்தும் தவிர மற்றச் சரக்குகளைக் கியூபாவுக்கு அனுப்பத் தடை போட்டது. 1962 பிப்ரவரியில் ஜனாதிபதி கென்னடி வியாபாரத்தை அநேகமாக முழுதுமே அடைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு புதுச் செவர்லே இல்லை. பழைய செவர்லேக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கும் இல்லை.

அப்புறம்தான் மெக்கானிக்கின் ராஜ்யம் ஆரம்பமாயிற்று. அந்தக் காலத்து அமெரிக்கக் காரில் ஒரு சௌகரியம் உண்டு. அடியில் கனமான இரும்புச் சட்டம் ஒன்று. அதன்மேல் உடம்பைத் தனியாகத் தூக்கி வைத்து முடுக்கியிருப்பார்கள். உள்ளே ஆள் இறங்கி நிற்கலாம் போல இடம் இருக்கும். ஆகவே இதயம் நின்றுபோனால் வேறு இதயம் பொருத்தலாம். ரஷ்யாவிலிருந்து வந்த வோல்கா காரின் எஞ்சின், லாரியின் டீசல் எஞ்சின், படகின் எஞ்சின் என்று எது கிடைத்ததோ அது உள்ளே போயிற்று. கிடைக்காத உறுப்பை லேத்துப் பட்டறையில் கடைந்துகொண்டார்கள். பிரேக் எண்ணெய்க்குப் பதிலாக ஷாம்பூ ஊற்றி ஓட்டியவர்களும் உண்டு! வெளியே பார்த்தால் 1952-ம் வருஷத்துப் பிளிமத். பானெட்டைத் திறந்தால் அகில உலக மகாநாடு.

சட்டமும் ஒரு விதத்தில் இதற்குத் துணை செய்தது. மாஸ்க்விச், லாடா போன்ற ரஷ்யக் கார்களைச் சர்க்கார்தான் வைத்தியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பார்த்துக் கொடுக்கும். அவற்றை இஷ்டப்படி விற்க முடியாது. 1959-க்கு முந்திய கார்களை மட்டுமே தனிமனிதர்கள் தங்களுக்குள் தடையின்றி வாங்கி விற்கலாம். 2011 வரையில் இதுதான் விதி. ஆகவே ஒரு கிழக் கார் கையில் இருந்தால், அது காணி நிலம் வைத்திருப்பது மாதிரி.

1991-ல் சோவியத் யூனியன் கலைந்தபோது கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் சுருங்கிவிட்டது. பஸ்கள் நின்றன. ஜனங்கள் சீனத்து சைக்கிளில் ஏறினார்கள். கஷ்டம் கொஞ்சம் தணிந்ததும், கிழக் கார்கள் ஷேர் டாக்ஸியாக அவதாரம் எடுத்தன. பாதாம் கொட்டையைப் போல உருண்டு திரண்டிருப்பதால் அவற்றுக்கு 'அல்மெந்த்ரோன்' என்று பேர். ஒரே வழித்தடத்தில் போய்வரும். முன்னும் பின்னுமாக ஜனங்களை நெருக்கி ஏற்றிக்கொள்ளும். 2013 வாக்கில் ஓர் ஆளுக்கு 10 பெசோ கட்டணம். சர்க்கார் உத்தியோகத்தில் சராசரி மாதச் சம்பளம் 500 பெசோவுக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐம்பது பேரை ஏற்றி இறக்கினால் ஒரு மாதச் சம்பளம்! எண்ணெய்ச் செலவும் மராமத்தும் போகத்தான் லாபம் என்றாலும், படித்தவர்கள் வேலையை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்ததில் ஆச்சரியம் என்ன?

2003 ஜூலையில் இன்னொரு சம்பவம் நடந்தது. பன்னிரண்டு பேர் 1951-ம் வருஷத்துச் செவர்லே லாரி ஒன்றின் அடியில் காலிப் பீப்பாய்களைக் கட்டினார்கள். எஞ்சினோடு ஒரு விசிறியை இணைத்தார்கள். லாரியைக் கடலில் இறக்கி அமெரிக்காவை நோக்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்! ஃபுளோரிடாவை நெருங்கிய சமயம் அமெரிக்கக் கடலோரக் காவல் படை மறித்தது. ஆட்களைத் திருப்பி அனுப்பியது. லாரியைக் கடலில் மூழ்கடித்தது. மறு வருஷம் பிப்ரவரியில் அவர்களில் சிலர் 1959-ம் வருஷத்து ப்யூக் காரில் மறுபடி கிளம்பினார்கள். அமெரிக்காவில் பிறந்து, அமெரிக்கா கைவிட்ட வண்டி, அலைமேல் ஏறித் தாய்வீட்டுக்குப் போகப் பார்க்கிறது. கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் நம்பமாட்டார்.

2014 ஜனவரியில் கியூபா சர்க்கார், அனுமதிச் சீட்டு இல்லாமலே யாரும் புதுக் கார் வாங்கலாம் என்று கதவைத் திறந்தது. ஜனங்கள் ஓடிப்போய்க் கடையில் விலைச்சீட்டைப் பார்த்தார்கள். பியூஜோ 508 என்ற காருக்கு 2,62,000 டாலர் போட்டிருந்தது! சிறிய பியூஜோ 206-க்கு 91,000 டாலர். பார்த்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து பழைய காரின் அடியில் மறுபடி படுத்துக்கொண்டார்கள்.

சென்னைவாசிகளுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது. கார் இறக்குமதி அடைபட்டிருந்த காலத்தில் நாமும் இப்படித்தான் இருந்தோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டுதான் 1950-களின் கடைசியில் உத்தரபாராவில் அம்பாஸிடர் ஆயிற்று. 2014 வரையில் அதே முகத்தோடு அங்கே பிறந்துகொண்டிருந்தது. புதுப்பேட்டைச் சந்துகளில் செத்த காரின் உறுப்பு உயிருள்ள காருக்குப் போவதை நாம் பார்த்து வளர்ந்தவர்கள்தான்.

இந்தக் கதையைச் சொல்லும்போது இரண்டு விதமான மயக்கம் வரும். கிழக் காரில் ஏறிப் படம் பிடித்துக்கொள்ளும் உல்லாசப் பிரயாணி, 'ஆஹா, என்ன அழகு! இவர்களுக்குத்தான் பொருளின் அருமை தெரிகிறது' என்கிறான். அவன் மூக்கைத் துளைக்கும் டீசல் புகையையும், பிடிக்காத பிரேக்கையும், வேறு வழியில்லாத மனிதனின் அலுப்பையும் அவன் படத்தில் சேர்ப்பதில்லை. இல்லாமையைச் சிக்கனம் என்று புகழ்வது, பட்டினியை விரதம் என்று சொல்வதற்குச் சமானம். அதற்காக, இதெல்லாம் வெறும் ஏழ்மை என்று தள்ளிவிடுவதும் நியாயமில்லை. ஏழ்மை எத்தனையோ தேசங்களில் இருந்தது. எல்லா இடத்திலும் கார் அறுபது வருஷம் ஓடவில்லை. அங்கே, ஒரு யந்திரத்தைத் திறந்து பார்க்கவும், அதன் வழியைப் புரிந்துகொள்ளவும், மகனுக்குச் சொல்லிக் கொடுக்கவும் மனிதர்கள் இருந்தார்கள். அந்த யந்திரமும் திறந்து பார்க்க இடம் கொடுத்தது.

இன்றைய காருக்குள் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சின்ன விளக்கு எரிந்தால்கூட, கம்பெனியின் கருவியைச் செருகி, 'என்ன சமாசாரம்?' என்று அதனிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. சௌகரியம்தான், புகையும் குறைவு, உயிருக்கும் பத்திரம். மறுப்பதற்கில்லை. ஆனால் நாளைக்கே கப்பல் வராமல் போய், வெளியிலிருந்து ஓர் உறுப்பும் கிடைக்காது என்று ஆனால், இவற்றில் எத்தனை வண்டி பத்து வருஷம் ஓடும்? கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜைக் கேட்கிறார்கள், வர்ணத்தைக் கேட்கிறார்கள். 'எங்கள் தெரு மெக்கானிக் இதைத் திறந்து பார்க்கலாமா?' என்று இன்னும் ஒரு கேள்வியும் கேட்டு வைக்கலாம்.