ஃபோல்சம் சிறையில் ஒரு காலைக் கச்சேரி

கன்ட்ரி மியூசிக் என்றதும் நம்ம ஆட்களுக்கு சட்டென்று ஞாபகம் வருவது கௌபாய் தொப்பி, குதிரை, காதலி விட்டுப் போன சோகம். "அதெல்லாம் நமக்கு ஆகாதுப்பா" என்று தாண்டிப் போகிறவர்களுக்கும் ஒரே ஒரு ஆல்பத்தை சிபாரிசு செய்வேன். ஜானி கேஷ் 1968-ல் ஃபோல்சம் சிறைச்சாலைக்குள் பாடிய 'அட் ஃபோல்சம் ப்ரிசன்'. ஸ்டுடியோவில் சுத்தமாகப் பதிவு செய்த எத்தனையோ ஆல்பங்கள் இருக்க, இரைச்சலான இந்த ஒன்று ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சரித்திரம் பேசணும், பொறுத்துக்கோங்க :-)

கதை 1950-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. கேஷ் அப்போது அமெரிக்க விமானப் படையில் லேண்ட்ஸ்பெர்க் என்ற ஊரில் இருந்தார். அங்கே ஃபோல்சம் சிறையைப் பற்றி 1951-ல் வந்த ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டு எழுதினார். அதுதான் 'ஃபோல்சம் ப்ரிசன் ப்ளூஸ்'. 1955-ல் சன் ரெக்கார்ட்ஸ் அதை வெளியிட்டது. (மெட்டும் பல வரிகளும் கார்டன் ஜென்கின்ஸ் என்பவருடைய 1953-ஆம் வருஷப் பாட்டிலிருந்து எடுத்தது. பிற்பாடு அதற்காகக் கேஷ் சுமார் 75,000 டாலர் கொடுத்து சமாதானம் ஆனார். காப்பி விவகாரம் எல்லா ஊரிலும் உண்டு!)

பாட்டைக் கேட்ட கைதிகள் "எங்க ஜெயிலுக்கும் வாங்க" என்று கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். 1957-லிருந்தே கேஷ் சிறைகளில் பாடி வந்தார். சான் க்வென்டின் சிறையில் பாடியபோது கீழே உட்கார்ந்து கேட்ட கைதிகளில் ஒருவர் மெர்ல் ஹேகர்ட். ஆமாங்க, பின்னாளில் பெரிய கன்ட்ரி பாடகரான அதே ஹேகர்ட்தான்.

இதில் ஒரு வேடிக்கை. கேஷ் சிறைத் தண்டனை அனுபவித்தவரே இல்லை. சில்லறைக் கேஸ்களில் ஓரிரு ராத்திரி லாக்கப்பில் இருந்ததோடு சரி. 1965-ல் எல் பாசோவில் மாத்திரைகளோடு பிடிபட்டார். அந்த மாத்திரைப் பழக்கம்தான் அவரை 60-களின் நடுவில் ஏறக்குறைய கவிழ்த்துவிட்டது. கச்சேரிகள் ரத்தாயின. சிறைக்குள் பாடி ஆல்பம் போடலாம் என்ற அவருடைய யோசனைக்கு கொலம்பியா கம்பெனி ரொம்ப நாள் பிடி கொடுக்கவில்லை. பாப் ஜான்ஸ்டன் தயாரிப்பாளராக வந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது.

1968 ஜனவரி 13. கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோ பக்கத்தில், 1880-ல் திறந்த பழைய கருங்கல் சிறை. கச்சேரி நடந்தது கைதிகளின் சாப்பாட்டுக் கூடத்தில். கேட்க வந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர், சுற்றிலும் துப்பாக்கியோடு காவலர்கள். காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று என இரண்டு கச்சேரி. ஆல்பத்தில் இருப்பது பெரும்பாலும் காலைக் கச்சேரிதான். மதியத்தில் பாடியவர்கள் களைத்துப் போயிருந்ததால் அதிலிருந்து இரண்டே பாட்டுதான் தேறியது.

கேட்டுப் பாருங்க. பாட்டுக்கு நடுவில் சிறை அதிகாரிகளின் ஒலிபெருக்கி அறிவிப்பு வருகிறது. சுரங்கத் தொழிலாளி பற்றிய சோகப் பாட்டின் நடுவிலேயே கேஷுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. வேறு ஆல்பமாக இருந்தால் இதையெல்லாம் வெட்டி எறிந்திருப்பார்கள். இங்கே அதுதான் உயிர். தேர்ந்தெடுத்த பாட்டுகளும் அப்படி. தூக்குக்குப் போகிறவன் நிமிஷங்களை எண்ணுவது, தப்பிக்கப் பார்த்து செத்தவன் கதை என்று கைதிகள் முன்னால் வேறு யாரும் பாடத் தயங்கும் சமாச்சாரங்கள். 'கொகெய்ன் ப்ளூஸ்' பாட்டில் குற்றவாளி கடைசியில் போய்ச்சேரும் சிறை சான் க்வென்டின். கேஷ் அந்தப் பேரை எடுத்துவிட்டு ஃபோல்சம் என்று பாடினார். கூடம் அதிர்ந்தது.

அந்த அதிர்வு நிஜம். ஆனா ஆல்பத்தில் ரொம்பப் பிரபலமான ஆரவாரம் வேறொன்று. முதல் பாட்டில், காரணமே இல்லாமல் ஒருவனைக் கொன்றதாகச் சொல்லும் வரி முடிந்ததும் கைதிகள் உற்சாகமாகக் கத்துவார்கள். கேட்கிற நமக்கு முதுகுத்தண்டு சில்லிடும். அது டூப்பு. காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கொலைக்குக் கைதட்ட அங்கே யாரும் துணியவில்லை. சத்தத்தை எடிட்டிங்கில்தான் ஒட்டினார்கள். யோசித்துப் பாருங்க. கைதி என்றால் கொலையை ரசிப்பவன் என்று வெளியே இருப்பவர்கள் நம்பத் தயாராக இருந்தார்கள். கம்பெனி அதை நமக்கு விற்றது, நாமும் வாங்கினோம்.

ஆல்பம் 1968 மே மாதம் வந்தது. ஜூன் 5-ல் ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். உடனே ரேடியோக்கள் அந்தப் பாட்டை நிறுத்தின. கேஷ் எவ்வளவோ எதிர்த்தும், கம்பெனி அந்தக் கொலை வரியை வெட்டிவிட்டு மறுபடி வெளியிட்டது. ஒட்டத் தெரிந்தவர்களுக்கு வெட்டவும் தெரிகிறது! பாட்டு, ஆல்பம் இரண்டுமே கன்ட்ரி பட்டியலில் முதலிடம். கேஷ் எழுந்து நின்றார்.

அன்று முன்வரிசையில் க்ளென் ஷெர்லி என்ற கைதி உட்கார்ந்திருந்தார். ஆயுதக் கொள்ளைக்காகத் தண்டனை அனுபவித்தவர். சிறைக்குள் இருக்கும் தேவாலயத்தைப் பற்றி 'க்ரேஸ்டோன் சேப்பல்' என்று ஒரு பாட்டு எழுதியிருந்தார். அதன் டேப்பை ஒரு பாதிரியார் கேஷிடம் கொடுக்க, முந்தின ராத்திரிதான் அதை ஒத்திகை பார்த்தார்கள். மறுநாள் கச்சேரியின் கடைசிப் பாட்டாக, எழுதியவருக்கே சொல்லாமல், மேடையில் பாடினார் கேஷ்.

சினிமாவாக இருந்தால் இங்கேயே 'சுபம்' போட்டிருப்பார்கள். 1971-ல் ஷெர்லி விடுதலையானார். கேஷ் வாசலுக்கே போய் வரவேற்று, தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1972-ல் இருவருமே அமெரிக்க செனட் துணைக்குழு முன்னால் சிறைச் சீர்திருத்தம் பற்றிச் சாட்சி சொன்னார்கள். ஆனால் வெளி உலகம் ஷெர்லிக்கு ஒத்துவரவில்லை. அவர் பேச்சிலும் நடத்தையிலும் குழுவினர் பயந்தார்கள். கேஷ் அவரை அனுப்பிவிட வேண்டியதாயிற்று. 1978-ல் ஷெர்லி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

ஒரு பாட்டு ஒருத்தரை ஜெயிலிலிருந்து வெளியே கொண்டுவரலாம். அதற்கப்புறம் அவர் வாழ வேண்டிய ஒவ்வொரு நாளுக்கும் அந்தப் பாட்டு துணைக்கு வராது. வெற்றிக் கதை சொல்லும்போது நாம் வசதியாக விட்டுவிடும் பகுதி இது.

அப்போ இந்த ஆல்பம் பொய்யா? என்னைப் பொறுத்தவரை இல்லை. ஒட்டவைத்த ஆரவாரத்தைக் கழித்துவிட்டுக் கேட்டால் மிச்சமிருப்பதுதான் பெரிசு. அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கு உபதேசம் செய்ய எத்தனையோ பேர் வந்திருப்பார்கள். கேஷ் திருத்தவும் வரவில்லை, இரக்கப்படவும் வரவில்லை. அவர்கள் வாழ்க்கையை அவர்களிடமே பாடினார், அவர்களோடு சேர்ந்து சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களை மனுஷங்களாக மதித்தார். அந்த மரியாதைதான் மைக்கில் பதிவாகியிருக்கிறது. அதை எந்த எடிட்டராலும் ஒட்டவைக்க முடியாது.

பி.கு: 2008-ல் வந்த பதிப்பில் இரண்டு கச்சேரியும் இருக்கிறது. முதலில் 1968 ஆல்பத்தைக் கேளுங்க, அப்புறம் இதை. ஹெட்ஃபோன் அவசியம். கேட்டவங்க பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே!