குறைந்தால் கவலை தரும் சர்க்கரை: 1,5-அன்ஹைட்ரோகுளுசிட்டாலின் வரலாறு

‘மூணு மாச சுகர்’ என்று நம் நோயாளிகள் சொல்லும் ஹெச்பிஏ1சி 7 விழுக்காடு என்று வந்தால், ரத்த குளுக்கோஸின் சராசரி டெசிலிட்டருக்குச் சுமார் 154 மில்லிகிராம் என்று பொருள். ஒருவருக்கு அது நாள் முழுவதும் 140க்கும் 170க்கும் நடுவே நின்றிருக்கலாம். இன்னொருவருக்கு விடியற்காலையில் 100 ஆக இருந்து, காலை இட்லிக்குப் பின் 240ஐத் தொட்டிருக்கலாம். பரிசோதனைத் தாளில் இருவருக்கும் ஒரே எண். சாப்பிட்டபின் வரும் அந்த ஏற்றத்தைக் காட்டும் குறியீடு மருத்துவத்தின் கைக்கு வந்து சேர நூறாண்டு ஆனது.

ஹெச்பிஏ1சியின் கதையே எதிர்பாராமல் தொடங்கியதுதான். 1960களின் பிற்பகுதியில் தெஹ்ரானில் சாமுவேல் ராபர் ஹீமோகுளோபின் வகைகளை மின்புலத்தில் பிரித்துப் பார்த்துவந்தார். சிலருடைய ரத்தத்தில் மட்டும் வழக்கத்துக்கு மாறான ஒரு பட்டை விழுந்தது. அவர்கள் நீரிழிவு நோயாளிகள். 1968இல் அதை வெளியிட்டார். 1976இல் கோனிக், செராமி முதலியோர் அந்த மாற்றம் சர்க்கரைக் கட்டுப்பாட்டோடு சேர்ந்தே ஏறி இறங்குவதைக் காட்டினர். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் அதில் ஒட்டிய குளுக்கோஸ் சில மாதக் கணக்கைச் சொல்லும். 1980களில் வந்த ஃப்ரக்டோசமைன் பரிசோதனை இந்தக் காலத்தை இரண்டு, மூன்று வாரமாகச் சுருக்கியது. ஆனாலும் அதுவும் சராசரியே.

சராசரி எதை மறைக்கிறது என்பதை 2003இல் பிரான்சின் லூயி மோன்னியே குழு எண்களால் காட்டியது. ஹெச்பிஏ1சி 7.3க்குக் கீழே இருப்போரிடம், பகல்நேர குளுக்கோஸ் மிகையில் ஏறத்தாழ 70 விழுக்காடு உணவுக்குப் பின் எழுவது. 10.2ஐத் தாண்டியோரிடம் அந்தப் பங்கு 30 அளவுக்கு இறங்குகிறது. கட்டுப்பாடு நன்றாக இருப்பதாக நம்பி வீடு திரும்புகிறவரிடமே உணவுக்குப் பிந்தைய ஏற்றம் முதன்மைச் சிக்கலாக இருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்பை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இந்த இடைவெளிக்குப் பொருந்திய பொருளான 1,5-அன்ஹைட்ரோகுளுசிட்டால் அதற்கு வெகு முன்பே ஒரு செடியில் கிடைத்திருந்தது. 1888இல் பாலிகாலா இனச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் அதற்குப் பாலிகாலிட்டால் என்று பெயர். 1943இல் ரிச்ட்மயர், கார், ஹட்சன் ஆகிய வேதியியலாளர்கள் அதைச் செயற்கையாக உருவாக்கினர். குளுக்கோஸை அப்படியே ஒத்தது. ஒரே ஓர் ஆக்சிஜன் அணு குறைவு. 1970களில் பின்லாந்தின் பிட்கானென் மனித உடல் திரவங்களில் அதைக் கண்டார். நீரிழிவு உள்ளவர்களிடம் அது குறைந்திருப்பதும் அப்போதே தெரியவந்தது. நோய் வந்தால் ஏறும் பொருள்களையே தேடிப் பழகிய கண்களுக்கு இது புதிது.

ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு விடை சிறுநீரகத்தில் இருந்தது. இந்தச் சர்க்கரை பெரும்பாலும் உணவிலிருந்து வருகிறது, நாளுக்குச் சில மில்லிகிராம் மட்டும். உடல் அதைச் சிதைப்பதில்லை. சிறுநீரக நுண்குழல் வடிகட்டியதை ஏறத்தாழ முழுவதும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ரத்த குளுக்கோஸ் சுமார் 180ஐத் தாண்டினால் மிகுந்த குளுக்கோஸ் அதே நுண்குழலில் வந்து நெருக்குகிறது. போட்டியில் தோற்ற 1,5-அன்ஹைட்ரோகுளுசிட்டால் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. இரண்டு மணி நேர ஏற்றம்கூட ரத்தத்தில் அதன் அளவைக் குறைத்துவிடும். இழந்தது அத்தனை சிறிய வரவிலிருந்து நிரம்ப வாரக்கணக்கில் ஆகும்.

இதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர். டோஷிகாசு யமனோச்சியும் அவருடைய குழுவினரும் 1980களின் இறுதியிலிருந்து வெளியிட்ட ஆய்வுகள் இக்குறியீட்டின் அடித்தளம். 1996இல் ‘லான்செட்’ இதழில் வந்த அவர்களது கட்டுரை, லேசான மிகையைக்கூட இது உடனே உணர்த்துவதைக் காட்டியது. 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கிளைகோமார்க் என்ற பெயரில் இதை அளக்கும் பரிசோதனைக்கு ஒப்புதல் அளித்தது. 2006இல் கேத்லீன் டங்கன் குழு, தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவியின் பதிவுகளோடு இதை ஒப்பிட்டு, மிதமான கட்டுப்பாட்டில் உள்ளவர்களிடம் உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தை ஹெச்பிஏ1சியைவிட இது நன்றாகப் பிரதிபலிப்பதாகச் சொன்னது.

ஆனால் அதே சிறுநீரகம் இதற்கு எல்லையும் வகுத்தது. அண்மைக் காலத்தில் பரவலான எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மாத்திரைகள், குளுக்கோஸை வேண்டுமென்றே சிறுநீரில் வெளியேற்றுகின்றன. அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு ரத்த குளுக்கோஸ் இறங்கி நலம் கூடும்போதே 1,5-அன்ஹைட்ரோகுளுசிட்டாலும் சரிந்துவிடும். கட்டுப்பாடு கெட்டுவிட்டதாக அந்தத் தாள் சொல்லும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை மருந்துச் சீட்டில் இருந்தால் இந்த எண்ணைக் கட்டுப்பாட்டின் அளவாகப் படிக்கக் கூடாது.