பெரிய ஓசை சிறிய ஓசையை விரட்டுமா?

காதுக்குள் கேட்கும் இரைச்சல், வெளியே வேறோர் ஓசை எழுந்தவுடன் அடங்கிவிடுவது ஏன்? இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க வினாத் தொகுப்பு ஒன்றிலேயே இது காணப்படுகிறது. பெரிய ஓசை சிறிய ஓசையை விரட்டிவிடுகிறது போலும் என்பது அந்நூல் கருதிய விடை.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மருத்துவர்கள் இந்த விடையையே பற்றி நடந்தார்கள். அது பாதி உண்மைதான் என்பது அண்மைக் காலத்தில்தான் தெரிய வந்தது. எப்படித் தெரிந்தது என்ற வரலாறு, வெடிச் சத்தத்திற்குப் பின் காதில் 'ஙொய்' என்ற ஒலி நிற்காமல் தவிப்பவருக்கு மிகவும் பயன்படும். ஏற்கெனவே இரைச்சல் இருந்து, ஒரே சத்தத்தில் அது கூடிப்போனவருக்கு இன்னும் பயன்படும்.

திடீர் ஓசையின் கொடுமை

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடருக்காக ஒரு வெடிப்புக் காட்சியைப் படமாக்கினார்கள். அருகில் நின்றிருந்த நடிகர்கள் வில்லியம் ஷாட்னர், லெனார்ட் நிமோய் இருவருக்கும் பின்னாளில் நீங்காத காதிரைச்சல் வந்தது. வெடித்தது சில நொடிகள். விளைவோ வாழ்நாள் முழுவதும்!

காது தன்னைக் காத்துக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். காக்கும். பேரோசை கேட்டால் நடுச்செவியிலுள்ள சிறு தசை சுருங்கி, அங்கவடி எலும்பை இறுக்கி, உள்ளே செல்லும் ஒலியைக் குறைக்கிறது. ஆனால் இதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை பிடிக்கலாம். வெடியின் அழுத்த அலையோ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. கதவைச் சாத்துவதற்குள் திருடன் உள்ளே புகுந்துவிடுகிறான்!

உட்செவியின் நத்தைக்கூட்டில் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் உள்ளன. ஒலி அதிர்வை மின் குறியீடாக மாற்றிச் செவி நரம்புக்குத் தருபவை இவையே. மனிதருக்கு இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மயிரிழைச் செல்கள் பிழைத்து, கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பினாலும், நரம்பு இணைப்புகள் நிலையாக அறுந்துபோகக்கூடும் என்பதைக் குஜாவா, லிபர்மன் என்னும் ஆய்வாளர்கள் 2009இல் எலிகளைக் கொண்டு காட்டினர். வழக்கமாக வரும் குறியீடு குறைந்ததும், மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. வானொலியில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது ஒலிக் குமிழைத் திருகினால் கரகரப்பு பெருகுமல்லவா? அதுபோன்றதே இது.

தண்ணீர் ஆலையும் நீரூற்றும்

பாரிஸில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராக இருந்தவர் இடார்ட். 1821இல் காது நோய்கள் பற்றி அவர் எழுதிய பெருநூலில், இரைச்சலுக்கு ஏற்ற ஓசையை அருகில் வைத்துக்கொள்ளும்படி கூறினார். இரைச்சல் சீறுவது போலிருந்தால் ஈர விறகை எரித்து அதன் ஒலியைக் கேட்கவேண்டும். மணி ஒலிப்பது போலிருந்தால் செம்புப் பாத்திரத்தில் நீரைச் சொட்டவிட வேண்டும். தண்ணீர் ஆலையின் அருகே குடியிருப்பதும் அவர் சொன்ன வழிகளில் ஒன்று.

1970களில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஜாக் வெர்னன் என்னும் ஆராய்ச்சியாளர், காதிரைச்சலால் வருந்திய சார்லஸ் யூனிஸ் என்னும் மருத்துவருடன் நடந்துகொண்டிருந்தார். ஒரு நீரூற்றின் அருகே வந்ததும் யூனிஸ் நின்றுவிட்டார். நீரின் ஓசையில் அவர் காதிரைச்சல் மறைந்துவிட்டது! அதன் பின்னர் வெர்னன், காதில் அணியும் மறைப்பொலிக் கருவிகளை உருவாக்கினார்.

விடை மாறியது

ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. ஹெல்லர், பெர்க்மன் இருவரும் 1953இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல செவித்திறனுள்ள 80 பேரை ஒலி புகாத அறையில் அமர்த்தினர். 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஓசை கேட்டதாகக் கூறினர். அப்படியானால் இரைச்சல் மிகப் பலருக்கும் உண்டு. சிலர் மட்டும் தவிப்பது ஏன்?

1990இல் ஜாஸ்ட்ரெபாஃப் ஒரு விளக்கம் தந்தார். துன்பம் தருவது ஓசையின் அளவன்று. அதை ஆபத்தின் அறிகுறியாக மூளை கருதுவதே. அஞ்சினால் கவனிக்கிறோம், கவனித்தால் உரக்கக் கேட்கிறது, உரக்கக் கேட்டால் மேலும் அஞ்சுகிறோம். ஆகவே இரைச்சலை மூழ்கடிக்க வேண்டாம், இரைச்சலும் கேட்கும்படி மெல்லிய ஓசை ஒன்றை உடன் வையுங்கள், மூளை இரண்டையும் பொருட்படுத்தாதிருக்கப் பழகும் என்றார். இதில் ஷாட்னரும் ஆறுதல் பெற்றார்.

2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அமெரிக்கப் படையினரும் அவர்கள் குடும்பத்தினருமாக 151 பேரிடம் இம்முறையைச் சோதித்தது. ஒலிக்கருவி அணிந்தவர், செயல்படாத கருவி அணிந்தவர், வழக்கமான மருத்துவம் பெற்றவர் ஆகிய மூவகையினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினர். மூன்று பிரிவினருக்கும் விளக்கமும் ஆலோசனையும் கிடைத்தன என்பதைக் கவனியுங்கள்.

நாம் செய்யவேண்டியது

சத்தத்திற்குப் பின் இரைச்சல் கூடினால் பலரும் அஞ்சி, நாள் முழுவதும் காதை அடைத்துக்கொண்டு அமைதியைத் தேடுவார்கள். இது தவறு. 2012இல் வெளியான சோதனையில் 18 பேர் ஒரு காதை ஏழு நாள்கள் அடைத்துக்கொண்டனர். 14 பேருக்கு இல்லாத ஓசை கேட்கத் தொடங்கியது! அடைப்பை எடுத்ததும் நீங்கியது.

எனவே பேரோசையிலிருந்து விலகுங்கள். ஆனால் முழு அமைதியில் ஒடுங்காதீர்கள். இரவில் மின்விசிறியின் ஓசையோ மெல்லிய இசையோ இருக்கட்டும். பலருக்குச் சில நாள்களில் இரைச்சல் தணியும். காது திடீரென மந்தமானால் மட்டும் ஒரு நாளும் தாமதியாமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் காணுங்கள்; மருத்துவம் விரைவில் தொடங்குவது முக்கியம். நெடுநாள் வருந்துவோர்க்கு, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனநலப் பயிற்சியை அமெரிக்கக் காது மருத்துவர் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. ஜிங்கோ, துத்தநாக மாத்திரைகள் வேண்டாம் என்றும் அதுவே கூறியது.

வருமுன் காப்பது இன்னும் எளிது. இந்தியாவில் 1999இல் வந்த விதி, பட்டாசின் ஓசைக்கு 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் என வரம்பிட்டது. தொலைவு பாதியானால் 6 டெசிபல் கூடும். ஆகவே 1 மீட்டரில் அது 137 டெசிபல்! வெடிக்குத் திரி கிள்ளியவுடன் பத்தடி கூடுதலாக ஓடுங்கள். இயற்பியல் உங்கள் பக்கம் நிற்கும்.