மலையேறப் போறீங்களா? அடுப்பே தேவைப்படாத, பையில் கனக்காத உணவை வீட்டிலேயே தயாரிப்பது எப்படி?

மலையேற்றத்துக்குக் கிளம்பும் பலரும் நல்ல ஷூ வாங்குவாங்க, நல்ல பை வாங்குவாங்க. சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பிரெட், பிஸ்கெட், நூடுல்ஸ் பாக்கெட்டோடு முடிச்சுடுவாங்க. பாதி மலை ஏறியதும் பிரெட் நசுங்கியிருக்கும், நூடுல்ஸ் வேகவைக்க வழி இருக்காது.

காரணம், அனுமதியின்றி காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளாக இருந்தாலும் சரி, வேறு மலையாக இருந்தாலும் சரி, அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடிய உணவுதான் பாதுகாப்பு. அதை எப்படித் தயாரிப்பது? பார்க்கலாம்.

உலர்த்தினால் எடை எவ்வளவு குறையும்?

தக்காளியில் சுமார் 94 சதவிகிதம் தண்ணீர்தான். ஒரு கிலோ தக்காளியைக் காயவைத்தால் 100 கிராம்கூட தேறாது. வாழைப்பழத்தில் சுமார் 75 சதவிகிதமும், வடித்த சோற்றில் சுமார் 70 சதவிகிதமும் தண்ணீர். உணவைக் கெடுக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர ஈரம் வேண்டும். ஈரத்தை எடுத்துவிட்டால் எடையும் குறையும், உணவும் சீக்கிரம் கெடாது. நம்ம பாட்டிமார் வத்தல், வடகம் போட்டதும் இதே கணக்குதான்.

சோறு, காய், பழம்

சோற்றை எண்ணெய் சேர்க்காமல் வடித்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, 60 டிகிரி செல்சியஸ் அளவில் உலர்த்தும் கருவியிலோ ஓவனிலோ காயவைக்க வேண்டும். கையில் எடுத்தால் அரிசி போல கலகலன்னு உதிரணும். கேரட், பீன்ஸ் போன்ற காய்களைப் பொடியாக நறுக்கி, சில நிமிடம் ஆவியில் வேகவைத்து காயவைத்தால், பிறகு சீக்கிரம் ஊறும்.

வெயிலில் காயவைப்பவர்கள் 30 டிகிரிக்கு மேல் வெப்பமும், 60 சதவிகிதத்துக்குக் குறைவான ஈரப்பதமும் உள்ள நாளைத் தேர்வு செய்யணும். கடலோர ஊர்களில் இது சற்று கஷ்டம்.

காய்ந்த பழத்தை கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகத்துக்கும் குறைவாகப் போட்டு, 7 முதல் 10 நாள் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்ளே நீர் முத்து தெரிந்தால் மறுபடியும் காயவைக்கணும். பூஞ்சை தெரிந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

உப்புக்கண்டம்: இங்கேதான் கவனம்

கறியை அப்படியே வெயிலில் கட்டித் தொங்கவிடுவது பழைய முறை. அதை எண்ணெயில் பொரித்துச் சாப்பிடுவதால் கிருமிகள் அழியும். ஆனால் மலையில் பொரிக்க வழியில்லை. அதனால் காயவைப்பதற்கு முன்பே வேகவைத்துவிட வேண்டும். கொழுப்பு முழுவதையும் நீக்கி, கறியை அரை சென்டிமீட்டர் கனத்தில் நீளமாக நறுக்கி, மசாலா கலந்த உப்பு நீரில் குறைந்தது 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கறியின் உள்வெப்பம் 71 டிகிரியைத் தொடணும், கோழி என்றால் 74 டிகிரி. அதன்பிறகு 60 டிகிரியில் காயவைக்கவும். வளைத்தால் விரிசல் விட வேண்டும், ஆனால் ஒடியக் கூடாது. அதுதான் பதம். வெளியில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கொழுப்பு மிச்சமிருந்தால் சிக்கு வாடை அடித்துவிடும்.

புகை போட்டால் போதுமா?

போதாது. லட்சத்தீவில் செய்யப்படும் மாசிக்கருவாடு இதற்கு நல்ல உதாரணம். சூரை மீனை உப்பு நீரில் வேகவைத்து, புகையில் வைத்து, பிறகு வெயிலில் மரக்கட்டை போல இறுகும்வரை காயவைப்பார்கள். புகையில் உள்ள சில வேதிப்பொருட்கள் கிருமிகளைத் தடுக்கும் என்றாலும், மீனைக் காப்பாற்றுவது உப்பும் உலர்வும் சேர்ந்துதான். புகை வாசனை வந்துவிட்டது என்பதற்காக பாதி காய்ந்த மீனை பையில் போடாதீர்கள். மாசியை இடித்து, வறுத்த தேங்காய், மிளகாயோடு பொடியாக்கி எடுத்துச் சென்றால் அவலுக்கு அருமையான துணை.

மலையில் எப்படி சாப்பிடுவது?

* அவல்: சாதாரண தண்ணீரிலேயே சில நிமிடங்களில் ஊறிவிடும்.
* உலர்ந்த சோறு: பிளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரை ஊற்றி மூடிவைத்தால் அரை மணி நேரத்துக்குள் தயார். பருப்புப் பொடி அல்லது ரசப்பொடி சேர்க்கலாம்.
* நிலக்கடலை: 100 கிராமில் சுமார் 570 கலோரி. கடலை மிட்டாயும் பொரிவிளங்காய் உருண்டையும் நடந்துகொண்டே சாப்பிடலாம்.

ஊறவைத்த உணவை உடனே சாப்பிட்டுவிடுங்கள். ஈரம் திரும்பியதும் அது சாதாரணச் சோறுதான், மணிக்கணக்கில் வைத்திருந்தால் வயிற்றைக் கெடுக்கும்.

உணவின் எடை குறைகிறது என்பதற்காக தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஊறவைக்கத் தேவையான தண்ணீரையும் சேர்த்துக் கணக்கு போட்டுக்கணும். கருவாட்டு வாசனை குரங்கையும் கரடியையும் இழுக்கும், அதனால் இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். கீழே இறங்கும்போது காலி டப்பாவும் உங்களோடு இறங்க வேண்டும்.

முதல் முறை செய்பவர்கள், மலைக்குப் போகும் முன் ஒருநாள் வீட்டிலேயே ஊறவைத்து சாப்பிட்டுப் பாருங்கள். அதில் குறை தெரிந்தால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம், மலை உச்சியில் அதற்கு வாய்ப்பில்லை.