1915: கண்டியில் மூண்ட தீயும் நம் கரையின் வணிகர்களும்

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து தோணியேறி இலங்கைக்குச் சபர் சென்றுவந்த நம் வணிகர்களுக்குப் பயணம் எளிதாயிற்று. ஆங்கிலேயர் இவர்களைக் ‘கரையோரச் சோனகர்’ எனப் பிரித்துக் குறித்தனர். உள்ளூர்ச் சோனகர் வேறு, இவர்கள் வேறு. மறு ஆண்டு கலகம் மூண்டபோது முதல் கோபம் பாய்ந்தது இந்த ‘அந்நியர்’மீதுதான்.

பள்ளிவாசல் முன் மேளம் முழக்கிச் செல்லலாமா என்னும் வழக்கு கம்பளையில் 1912இலேயே எழுந்தது. 1915 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பௌத்தர்களுக்குப் பாதகமாக வந்தது. அதோடு உலகப் போரின் விலையேற்றம். பழி முழுதும் கடைக்காரர் தலையில். மே 28 வெசாக் இரவில் கண்டிப் பள்ளிவாசலருகே தொடங்கிய மோதல் சில நாள்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. அரசுக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் ஷஹீதாயினர். 189 பேர் காயமுற்றனர். 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன.

நம்மவர் பெரும்பாலும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறோம். நிறுத்தலாகாது. ஜூன் 2 அன்று ஆளுநர் சால்மர்ஸ் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். வணிகர்மீதான கலகத்தை முடியாட்சிக்கு எதிரான சதியாக அரசு கண்டது. பஞ்சாபிப் படையினரும் ஐரோப்பியத் தோட்டத் துரைமாரும் ஊரூராகப் புகுந்தனர். விசாரணையே இன்றிப் பலர் சுடப்பட்டனர். படையும் காவலரும் கொன்றோர் அரசுக் கணக்கிலேயே 60க்கு மேல். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னாளில் முதல் பிரதமரான டி.எஸ். சேனநாயக்க சிறையில் இருந்தார். நமக்கான இழப்பீடும் குற்றவாளி, நிரபராதி என்ற வேறுபாடின்றிச் சிங்கள ஊரார்மீது வரியாக விழுந்தது. பகைவனுக்கும் நீதி செய்யச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. நம் மையத்துகளின் பெயரால் நடந்த இதை நீதி என்று எப்படி ஏற்பது?

பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் இக்கொடுமையைக் கண்டித்தார். போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டனுக்கே சென்று வாதாடினார். சிங்களத் தலைவர்கள் அவருடைய வண்டியைத் தாமே இழுத்துச் சென்று போற்றினர். அவர் பேசியது சரியே. ஆயினும் எரிந்த கடைக்காரனுக்காக அவர் குரல் அவ்வளவு உயரவில்லை. முன்பே, 1888இல், சோனகரும் தமிழரே என்று எழுதியவர் அவர். அதை மறுத்து 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் நூல் வெளியிட்டிருந்தார். 1915க்குப் பிறகு அம்மறுப்பு ஓர் அறிஞரின் வாதமாக மட்டும் நிற்கவில்லை. இலங்கை முஸ்லிம் தலைவர்கள் தமிழ்த் தலைமையிடமிருந்து மேலும் விலகித் தமக்கெனத் தனி அரசியல் தேடினர்.