அறுந்து காக்க வேண்டிய முளை

பெரிய ஜெட் விமானங்களில் எஞ்சின், பைலான் எனப்படும் தாங்குசட்டத்தின் வழியாக இறக்கைக்குக் கீழே தொங்கவிடப்படுகிறது. போயிங் 747 விமானத்தை வடிவமைத்தவர்கள், அச்சட்டம் இறக்கையோடு சேரும் இடங்களில் பியூஸ் பின் என்ற உள்ளீடற்ற எஃகு முளைகளைப் பொருத்தினர். எஞ்சின் அளவுமீறி அதிர்ந்தாலோ தரையில் மோதினாலோ முதலில் இம்முளைகளே அறுந்து எஞ்சினை உதிர்த்துவிட வேண்டும், அப்போதுதான் இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டி கிழியாமல் தப்பும் என்பது அவர்களது கணக்கு. உரிய வேளைக்கு முன்பே முளை அறுந்தால் என்ன நேரும் என்பதற்கு அக்கணக்கில் போதிய இடம் இருக்கவில்லை.

எஞ்சின் கழன்ற விபத்துகளில் மிகுந்த உயிர்களைப் பறித்தது, 1979 மே 25 அன்று சிகாகோவில் புறப்படும்போதே இடது எஞ்சினை இழந்த டிசி-10 பயணிகள் விமானத்தினுடையது. அதில் 273 பேர் மாண்டனர். பராமரிப்பின்போது எஞ்சினையும் பைலானையும் ஒன்றாகவே ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் தூக்கி இறக்கிய முறைதான் அங்கே விரிசலுக்குக் காரணமாயிற்று. 747இல் நிகழ்ந்தது வேறு; அது வெளிப்பட்டதும் சரக்கு விமானங்களில்தான்.

1991 டிசம்பர் 29 அன்று தைவானிலிருந்து கிளம்பிய சைனா ஏர்லைன்ஸ் சரக்கு விமானம் ஒன்று, வலப்புற எஞ்சின்கள் இரண்டையும் இழந்து மலையில் மோத, அதிலிருந்த ஐவரும் இறந்தனர். பின்னர் ஓராண்டுகூட நிறையாத நிலையில், 1992 அக்டோபர் 4 மாலை ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்திலிருந்து டெல் அவிவுக்குப் புறப்பட்ட எல் அல் சரக்கு விமானத்தில், உலோகச் சோர்வினால், அதாவது மீண்டும் மீண்டும் ஏறியிறங்கும் பளுவால் மெல்ல வளர்ந்த விரிசலினால், முளை முறிந்து 3ஆம் எஞ்சின் கழன்றது. தனியாக விழுந்திருந்தால் ஒருவேளை விமானம் தப்பியிருக்கும். ஆனால் அது முன்னோக்கிப் பாய்ந்து வெளிப்புறமாக வளைந்து 4ஆம் எஞ்சினையும் பெயர்த்தெறிந்ததோடு, இறக்கையின் முன்விளிம்பையும் சிதைத்தது. விமானி அறையிலிருந்து எஞ்சின்களை எளிதில் காண முடியாததால், அவை நின்றுபோயின என்றே விமானிகள் கருதினர். தரையிறங்குவதற்காக வேகத்தைக் குறைத்தபோது, சிதைந்த வலது இறக்கை விமானத்தைத் தாங்கும் ஆற்றலை இழக்க, அது பெயில்மர்மீர் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்பின்மீது விழுந்தது.

விமானத்திலிருந்த நால்வரும் தரையிலிருந்த 39 பேரும் மாண்டதாக அதிகாரப்பூர்வக் கணக்கு கூறுகிறது. சுரினாம், கானா போன்ற நாடுகளிலிருந்து வந்து, சிலர் உரிய ஆவணங்களின்றியும், வாழ்ந்த குடியிருப்பு அது. பதிவேட்டில் பெயரில்லாதவர் இறந்தால் எண்ணிக்கையிலும் இடம்பெறமாட்டாரே என்ற அங்கிருந்தோரின் ஐயம் நியாயமானது. இறந்தவர்கள் இருநூறுக்கு மேலிருக்கலாம் என்றே முதலில் அஞ்சப்பட்டது. சரக்கில் சாரின் நச்சுவாயு தயாரிப்பிலும் பயன்படக்கூடிய ஒரு வேதிப்பொருள் இருந்தது 1998இல்தான் வெளிவந்தது. உடல்நலக் குறைவால் முறையிட்டு வந்த மக்களை இத்தனை ஆண்டுகள் காக்கவைத்தது பெருங்கொடுமை. நெதர்லாந்து நாடாளுமன்ற விசாரணைக் குழு 1999இல்தான் அறிக்கை அளித்தது.

747 பைலானின் வடிவமைப்பும் அதற்குச் சான்றளித்த முறையும் தேவையான பாதுகாப்பை அளிக்கவில்லை என்று நெதர்லாந்தின் விபத்து விசாரணை முடிவு செய்தது. அதன்பின் துருப்பிடிக்காத எஃகினாலான முளைகளும், ஓர் இணைப்பு முறிந்தால் மற்றவை பளுவை ஏற்கும்படியான கூடுதல் பிடிப்புகளும், பறந்துகொண்டிருந்த பழைய 747களில் பொருத்தப்பட்டன.